வளைவில் போட்ட போன்

மார்கழி, வெள்ளிக்கிழமை இரவு.

காலையில் காய்ச்சலில் கிடந்த குழந்தையையும் அதன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பை ஓட்டினேன். மலை இறங்கும்போது ஒரு வளைவில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. சுற்றிலும் பனி. பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து ஹோஸைச் சுற்றினேன். விரல்கள் விறைத்து முடிச்சே விழவில்லை. அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் ட்யூபின் நுனியை அழுத்திப் பிடித்தாள்.

இன்ஜின் ஆறியதும் கேனில் இருந்த தண்ணீரை ஊற்றினேன். கசியவில்லை.

"லேட் ஆய்டுச்சேண்ணா. உங்க வூட்ல தேடுவாங்க, ஒரு போன் போட்டு சொல்லிடுங்க" என்றாள்.

என் பெண்டாட்டி கமலா செத்து ரெண்டு வருஷம், வீட்டில் யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தள்ளிப் போய் நின்று, யாருக்கும் போடாமலே போனைக் காதில் வைத்தேன். "வர மதியம் ஆவும். நீ சாப்டு, எனக்காக காத்துனு இருக்காத."

"இன்னா சொன்னாங்க?"

"பாத்து வரச் சொன்னா" என்றேன்.

குழந்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். பயமில்லை என்றார் டாக்டர். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் போனில் பேசியபோது என் குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. அந்தக் குரலில் நான் பேசி ரெண்டு வருஷம் ஆகிறது.