பொட்டு வைத்த சமாதானப் பேச்சுவார்த்தை

5, வியாழன்

விடியலிலிருந்து மழை. மகாவலி ஆறே வெட்கப்படும் அளவுக்குக் கடை வாசலில் வெள்ளம். இன்றைய வேலை: முருகன் இரண்டு, கலியாணப் படம் ஒன்று, யமுனாவின் கேலிச்சித்திரங்கள் ஐந்து. படத்துக்குப் பிரேம் போடுவதில் என்னை வெல்ல கண்டியில் ஒரு மன்னனும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் இராச்சியம் வெள்ளைக்காரனிடம் போயிருக்காது.

யமுனா, கொழுந்து பறிக்கும் என் தங்கையின் மகள். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது அம்பிட்டியவில் ஓவிய டீச்சர். ஞாயிறன்று நகர மண்டபத்தில் கண்காட்சி. அவளுக்கு முதலாவது. எனக்குப் பட்டாபிஷேகம்.

ஐந்தில் தலையாயது ‘சமாதான மேசை’. சண்டை போடும் இரண்டு நாட்டுத் தலைவர்கள், மேலே கைகுலுக்கல், கீழே காலால் ஏவுகணை உருட்டல். நடுவில் நம் நாட்டை ஆளும் பெரியவர், வெள்ளை உடுப்பு, தேத்தண்ணித் தட்டு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குனிகிறார். எப்படி முடியும்? அவள் வரைந்தால் முடிகிறது. மேசைக்கு நாலாவது கால் இல்லை. அந்த இடத்தில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண், குனிந்து முதுகால் தாங்குகிறாள்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். பசை காய்ந்துவிட்டது.

6, வெள்ளி

மழை விட்டது. கண்ணாடி வாங்கக் கம்பளை போய்வந்தேன். முதுகு நோவு. கடையில் என் மனைவி சரோஜா. வெள்ளிக்கிழமை அல்லவா, சாமிப் படங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறாள். யமுனாவின் ஐந்தையும் அவளே பேப்பரில் சுற்றி ஓட்டோவில் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டாள். கெட்டிக்காரி.

7, சனி

கெட்டிக்காரி என்று நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மண்டபத்திலிருந்து போன். ஓடினேன். சமாதான மேசையில் இரண்டு தலைவர்களுக்கும் நம் பெரியவருக்கும் கண்ணாடி மேல் ஆளுக்கொரு பொட்டு. அதன் முன்னால் கண்காட்சி நடத்தும் சங்கத்தின் செயலாளர், டை நனைய வேர்த்தபடி.

“சாமிக்கு வைக்கிறது சரி அண்ணே. மனுசன்னா செத்தவங்க படத்துக்குத்தானே வைப்போம். இவரு உசுரோட இருக்காரே. நாளைக்குத் திறக்க வாறதே அவரு ஆளுதான்.”

துடைக்கத் துணி எடுத்தேன். போதாதாம். பெரியவரின் முகத்தையே மாற்ற வேண்டுமாம். அரசாங்கச் சம்பளம் வாங்கும் டீச்சர் இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா என்றும் ஒரு குத்து.

யமுனா குரலை உயர்த்தவில்லை. “நான் யாரு பேரும் எழுதலையே சேர். இது யாருன்னு நீங்க சொல்லுங்க, மாத்திர்றேன்.”

ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். செயலாளர் டையைத் தளர்த்தினார். பேரைச் சொன்னால் பெரியவரைக் கேலி செய்தவர் அவராகிவிடுவாரே. கடைசியில், அந்தப் படம் தொங்கினால் மற்ற நாலும் கிடையாது என்றார்.

ஐந்தையும் அவளே ஆணியிலிருந்து இறக்கினாள். நான் ஒவ்வொன்றாக வாங்கிப் பேப்பரில் சுற்றினேன். இப்படி ஒருத்திக்கு மாமன் என்றால் சிம்மாசனம் எதற்கு?

இரவு சரோஜாவிடம் விசாரணை. மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்ததாம். “பெரிய ஆளுங்க மாதிரி இருந்தாங்க, வச்சேன்.” வழக்கு தள்ளுபடி.

8, ஞாயிறு

நல்ல வெயில். ஞாயிற்றில் திறக்காத கடையைத் திறந்தோம். வாசல் கண்ணாடியிலிருந்த கடவுளர்களிடம் மன்னிப்புக் கேட்டு உள்ளே நகர்த்தினேன். அங்கே யமுனாவின் ஐந்தும்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ் வந்தும் ஏறவில்லை. கண்டி முழுவதும் வந்தது, பெரஹெரா ஊர்வலத்துக்கு வரும் யானைகள் மட்டும் பாக்கி. ஒரு சிங்கள ஐயா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கூடைக்காரியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றினார். (இது மிகையில்லை.)

பிற்பகல் தங்கை வந்தாள். கூடைக்காரியின் முன்னால் போய் நின்றாள்.

“இது நான்தானே? என்னைய ஏன்டி இப்பிடி குனிய வச்சிருக்க?”

“நிமிந்தா மேசை கவுந்திரும்மா.”

“கவுந்தா கவுழட்டும்.”

யமுனா பென்சில் தேடுகிறாள். நிமிர்ந்து நிற்கப்போகிறவளுக்குக் கம்பளைக் கண்ணாடியில் பெரியதாக ஒன்று எடுத்துவைக்க வேண்டும்.