கசகசா வைத்தது நான்தான்

வலியசாலை, திருவனந்தபுரம்
கர்க்கடகம் (ஆடி) 12

சிரஞ்சீவி ஜெயந்துக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் ஆம்படையாள் ஜானவியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். ஜெயிலில் இருக்கிற பிள்ளையிடம் சௌக்கியமா என்று கேட்க வாய் கூசுகிறது, ஆனாலும் அதைக் கேட்காமல் எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. சௌக்கியமாடா கண்ணா? வயிற்றுக்கு என்ன கொடுக்கிறார்கள்? கடைவாய்ப்பல் வலி தேவலையா?

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஜானவியைக் கோபிக்காதே. விஷு முடிந்து நீ கல்ஃபுக்குத் திரும்பினதிலிருந்து, கம்பெனிக்காரர்கள் உன்னைப் பாலைவனத்தில் ஏதோ கேம்புக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே போன் கிடைக்காது என்று மூன்று மாதமாக அவள் சொன்னதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை உன் கேஸைப் பார்க்கிற வக்கீல் சத்தியதாஸ் வந்தார். ஜானவி குளிக்கப் போயிருந்தாள். எனக்கும் தெரியும் என்று நினைத்து, காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே, அம்மே, பொட்டலம் தான்தான் வெச்சதுன்னு மகன் எழுதிக் கையொப்பு இட்டுக் கொடுத்தாச்சு, இனி கேஸ் கஷ்டமாக்கும் என்றார். என்ன பொட்டலம் என்று கேட்டேன். கசகசா என்றார்.

நைட் டியூட்டி பார்த்துப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது என்று நீதானே சொன்னாய். கசகசாவும் தேங்காயும் அரைத்துப் பாயசம் வைத்துக் குடித்தால் தூக்கம் வரும் என்று, நீ கிளம்புகிற அன்று நூறு கிராம் பொட்டலம் கட்டி, கேட்டால் வேண்டாம் என்பாய் என்று பெட்டியில் உன் வேஷ்டி மடிப்புக்குள் சொருகி வைத்தேன். பாழாய்ப் போகிற அந்தக் கசகசாவை அந்த நாட்டில் போதை மருந்தோடு சேர்த்திருக்கிறார்கள் என்று இந்த மண்டுவுக்கு யார் சொன்னார்கள்? ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்து என் பிள்ளையைக் கம்பிக்குள் தள்ளிவிட்டேனே. அழுது அழுது கண் வீங்கிப்போயிற்று, அழுது என்ன பிரயோஜனம்.

ஆனாலும் எனக்குக் கோபம் உன்மேல்தான். உனக்குத் தெரியாமல் வைத்ததை, தெரிந்தே கொண்டுவந்தேன் என்று ஏனடா சொன்னாய்? அம்மா பேர் கேஸில் வரக் கூடாது, இது தெரிந்தால் அம்மா உயிரை விட்டுவிடுவாள் என்றாயாம். விடமாட்டேன். உன்னை இந்த வாசலில் பார்க்காமல் எமன் வந்து கூப்பிட்டாலும் போகிறதாக இல்லை.

நேற்றுக் கொட்டுகிற மழையில் வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போய் நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டேன். பொட்டலம் கட்டியது நான், பெட்டியில் வைத்தது நான், என் மகனுக்கு ஒன்றும் தெரியாது. அதைப் படித்துவிட்டு அந்த மனுஷர், அங்கே உங்களையே பிடித்து உள்ளே போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். போடட்டும், அவன் வெளியே வந்துவிடுவான் இல்லையா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட்டுக்கும் கொடுத்தாயிற்று. போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது என்றாள் அங்கே இருந்த பெண். எனக்குச் சிரிப்பு எங்கே வரப்போகிறது.

ஜானவி இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அங்கே மலையாளி சங்கத்து லிபினுக்கு அனுப்புவாள், அவர் அச்செடுத்து உன் கையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி உன்னைக் கோர்ட்டில் நிறுத்துவார்களாம். நீதிபதி கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே. அம்மா வைத்தாள், எனக்குத் தெரியாது என்று சொல். பெற்றவளைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று மருகாதே, அது நிஜம்தானே. நாளைக்கு எனக்குக் கொள்ளி போட நீ வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளையாக நீ எனக்குச் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு. ஒன்பதாம் தேதி, மறக்காதே. நீ சொல்லாவிட்டால் நான் பிளேன் ஏறி வந்து சொல்லுவேன்.

உன்னைப் பெற்ற
விஜயலக்ஷ்மி