உப்பில்லாத கஞ்சிக்கு அப்பா சொன்னது

இராஜபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

என் யோகுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நான் நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டு நன்றாக இருக்கிறேன், அந்தக் குளிரில் நீ சுகமாக இருக்க ஆண்டாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் கேட்டால் அழுகை முந்திக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா கடைசி நாள் சொன்ன ஒரு சொல் மூன்று மாதமாக என்னைப் போட்டு அறுக்கிறது.

லண்டன் போன புதிதில் நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனதும், பெரிய நர்சம்மா நீ வந்ததில் ரொம்ப சந்தோஷம் என்றதும், நீ தேங்க்யூ சொல்லி எல்லாரும் சிரித்ததும், என்னிடம் அழுததும் மறக்கவில்லை எனக்கு. சொல்வது ஒன்று நினைப்பது ஒன்று, அதற்கு இங்கிலீஷில் ஐரனி என்று பெயர் என்றாய். இப்போது மழை கொட்டும்போது அருமையான வெயில் என்று ஒருத்தி சொன்னால், எங்க ஊர் சித்திரை மாதிரியே இருக்கு என்று நீயும் திருப்பிக் கொடுக்கிறாயாமே, பக்கத்து வீட்டு மாரிச்செல்வியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். அஞ்சாவதோடு நின்ற எனக்கு இப்படி ஒரு பிள்ளை. அப்பாவுடைய வாய்தானே உனக்கு. வத்திராயிருப்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது படியில் தொங்குகிறவனிடம், அண்ணாச்சி உள்ள வந்துராதிய, காத்து வீணாப் போயிரும் என்பார், அவன் வெட்கப்பட்டு ஏறிவிடுவான். ஒருநாளும் ஒருவரையும் ஏசியதில்லை. வீட்டில் குழம்பு நன்றாக இருந்தால் உப்பே இல்லையேட்டி என்று சட்டியை வழிப்பார், கருகிப்போனால் ஓட்டலே வைக்கலாம்ட்டி என்று சொல்லி அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவுவார்.

அன்றைக்கு அப்பா படுத்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு, டாக்டர் சொன்னபடி உப்பில்லாமல் கஞ்சி கொண்டுபோனேன், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அடிப்பிடித்துவிட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு, ஏட்டி, இம்புட்டு ருசியா நீ கஞ்சி வச்சதே இல்ல என்றார். போதும் உங்க நக்கலு என்று வெடுக்கென்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார், மிச்சம் வைக்காமல் குடித்தார். சாயங்காலம் போய்விட்டார்.

அங்கே சொல்கிறவர் முகத்தில் சிரிப்பே இருக்காது, என்ன நடந்தது என்று பார்த்துத்தான் ஐரனியைக் கண்டுபிடிக்கணும் என்றாயே. நானும் பார்த்துவிட்டேன். கஞ்சி கருகல்தான், ஆனால் டம்ளரில் ஒரு சொட்டு இல்லையே.

தாயே, தீர்க்காயுசாக இரு, ஆண்டாள் உனக்குத் துணை. காதை மூடிக் குல்லா போட மறக்காதே. அத்தனை வெள்ளைக்காரர் பேச்சையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை நீ, சொல்லேன், அப்பா அன்றைக்குச் சொன்னது கேலியா, நெசமா?

உன் அம்மா
நாச்சியார்