சில்லுக்குப் பின்னால் ஒரு முட்டை

உ

வெள்ளவத்தை
22.8.1938

தம்பி நாகேந்திரம் வாசிக்க அக்கா எழுதுவது.

இங்கே நான் சுகம். அங்கே கண்டியில் நீயும் கௌரியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். உன் மகள் பவளத்தின் கலியாண வேலைகள் தடங்கலில்லாமல் நடக்கட்டும். சுகம் விசாரித்தாயிற்று. இனி நீ அனுப்பிய கடுதாசிக்கு வருகிறேன்.

காரை விற்கும் பத்திரத்தைத் தட்டெழுத்தில் அடித்து, நான் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடியும் போட்டு அனுப்பியிருக்கிறாய். புள்ளடி போட்டால்தான் எனக்கு இடம் தெரியுமென்று நினைத்தாயாக்கும். நான் கையெழுத்து வைக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ ஆறுதலாக வாசிக்கலாம்.

அத்தான் கண்மூடி ஒன்றரை வருடத்தில் அவருடைய பெண்சாதி தன்னந்தனியாகக் கார் ஓட்டித் திரிகிறாள் என்று சனங்கள் கதைக்கிறார்களாம், உனக்குக் கந்தோரில் மேசையிலிருந்து தலை நிமிர்த்த முடியவில்லையாம். கதைக்கிறவர்களை நானும் அறிவேன். அவர்களில் மூன்று பேரைப் போன மாதம் கொட்டும் மழையில் கதிரேசன் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனது இந்தக் கார்தான். இறங்கும்போது ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. சேலை நனையவில்லை என்ற சந்தோஷம்.

அத்தான் செல்லம் தந்து எனக்குக் கார் பழக்கிக் கெடுத்துவிட்டார் என்றும் எழுதியிருக்கிறாய். அதுவும் பிழை. ஈப்போவில் அவர் ஸ்டேசன் மாஸ்டராக இருந்த காலத்தில் அவருக்குக் கொடி காட்டி ரெயிலை அனுப்பத் தெரியும், ஒன்றையும் ஓட்டத் தெரியாது. அவர் வேலைக்குப் போன நேரத்தில் பக்கத்து வீட்டுப் பழைய காரில் நானே பழகினேன். பிறகு அவருக்குப் பழக்கினேன். அவர் கியர் மாற்றும்போது ஒவ்வொரு தரமும் பல்லைக் கடிப்பார். இது உனக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் யாருக்கும் சொல்லவில்லை.

இனி உன் வீட்டு வாசல் கேற்றுத் தூண்.

பவளத்துக்கு நிச்சயம் செய்த அன்று உன் வீட்டு ஏற்றத்தில் கார் ஏன் பின்னுக்கு உருண்டது என்று கேட்பாரில்லை. தூண் விழுந்தவுடன் எல்லாருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. பொம்பிளை கையிலை மோட்டரைக் குடுத்தால் தூண் என்ன, வீடும் விழும் என்று கௌரியின் தகப்பனார் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்கு முன் சாவியைத் தா என்று சபை நடுவே கையை நீட்டினாய். நான் தந்தேன். கூலி ட்றைவர் ஒருவன் ஓட்ட, கண்டியிலிருந்து எழுபத்திரண்டு மைல் பின் சீற்றில் இருந்து வந்தேன். வழியெல்லாம் அவன் கிளச் மிதிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதையும் பொறுத்தேன்.

அத்தான் இந்தக் காரைத் தேடி எடுத்ததே இதிலுள்ள ஹில் ஹோல்டருக்காக. உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். ஏற்றத்தில் பிறேக்கையும் கிளச்சையும் மிதித்து நிறுத்தினால், பிறகு பிறேக்கிலிருந்து காலை எடுத்துவிடலாம். கிளச் மிதிபட்டிருக்கும் வரை அது காரைப் பிடித்து வைத்திருக்கும். கிளச்சை மெல்ல விடும்போது, எஞ்சின் சில்லைச் சுழற்றப் பிடிக்கும் அதே நேரம் அது தன் பிடியை விட வேண்டும். முந்தி விட்டால் கார் பின்னுக்கு உருளும். பிந்தி விட்டால் எஞ்சின் செத்துப்போகும். இவ்வளவுதான் சங்கதி.

நிச்சயத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் கியர் கரகரத்தது. இங்கே ஒரு கராஜில் காட்டினேன். வின்சன்ற் என்ற மெக்கானிக் பார்த்துவிட்டு, கிளச் மிச்சம் லூசாய்ப் போச்சு நோனா என்று இறுக்கித் தந்தான். தெகிவளைப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. உன் வீட்டிலிருந்து திரும்பிய பிறகு காரோடு வந்த புத்தகத்தை எடுத்து, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் வாசித்தேன். கிளச்சைத் தொட்டால் அதோடு ஹில் ஹோல்டரின் கம்பியையும் சரிபார்க்க வேண்டுமென்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது. கிளச்சை இறுக்கியதால் எஞ்சின் பிடிக்கும் நேரம் பிந்திவிட்டது. ஹோல்டர் மட்டும் பழைய நேரத்திலேயே கையை விட்டுவிட்டது.

புத்தகத்தோடு போய் வின்சன்றிடம் கேட்டேன், அந்தக் கம்பியைத் தொட்டாயா என்று. எந்தக் கம்பி நோனா என்றான். காட்டினேன். சிரித்தான். காலி றோட் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கு, இங்க அந்தச் சாமானுக்கு வேலையே இல்ல, நோனா ஏன் மலைக்குப் போறீங்க என்றான். பிறகு, புத்தகத்தை வீட்டில வெச்சு பூசை செய்யுங்க என்றும் சொன்னான்.

ஆகவே பிழை என் காலில் இல்லை. இதை எழுதி வைத்துக்கொள். கௌரியின் தகப்பனாருக்கும் வாசித்துக் காட்டு.

காருக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றபடியால் நீ தப்பியதாக உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். ஒரு தரம் எழுதினால் போதும். நானும் அங்கேதான் இருந்தேன்.

பிள்ளையார் உங்கள் எல்லாரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

மனம் மாறாத அக்கா,
அன்னபாக்கியம்


(போஸ்ட்காட்)

வெள்ளவத்தை
29.8.1938

தம்பிக்கு,

நீ அனுப்பிய மர்ஸூக் முதலாளி வந்தார். கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை வைத்திருக்கிறாராம். நல்ல மனிதர். நான் சம்மதித்துவிட்டேன் என்று நீயே அவருக்கு எழுதியிருக்கிறாய், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கார் விற்பதற்கில்லை என்று சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தேன். ஆனாலும் சனிக்கிழமை காரைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று யோசித்துக்கொண்டிரு. இதைத் தபாற்காரரும் வாசிப்பார். வாசிக்கட்டும்.

அ.


உ

வெள்ளவத்தை
5.9.1938

தம்பி நாகேந்திரத்துக்கு மறுபடியும் அக்கா எழுதுவது.

சுகம். கைவிரல்களில் மட்டும் கிறீஸ் கறை போகவில்லை. தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் போகாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

வின்சன்ற் செய்யாததை நானே செய்தேன். அத்தானுடைய பழைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு, காருக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தேன். எதிர் வீட்டில் யன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. உன் கந்தோர் வரைக்கும் செய்தி வந்திருக்கும், வராவிட்டால் நானே சொல்கிறேன். முதலில் கிளச். பெடலை விரலால் அமர்த்தினால் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக அது சும்மா இறங்க வேண்டும், அதன் பிறகே கனக்க வேண்டும். அடிமட்டம் பிடித்து அளந்தேன். அது சரியான பின்தான் கம்பிக்குப் போகலாம். கம்பியில் இரண்டு நட். பழைய இடம் தெரிய வெள்ளை நூல் கட்டிவிட்டு அரைச் சுற்றுத் திருப்பினேன்.

ஆனால் சரிபார்க்க இங்கே மேடு எது? எங்கள் ஒழுங்கைத் தெரு கடலுக்கு இறங்குகிறது என்பது பேச்சுக்குத்தான். ஹோல்டருக்குள் ஒரு சிறிய குண்டு இருக்கிறது. கார் மூக்கை நன்றாக உயர்த்தினால்தான் அது உருண்டு போய்ப் பிறேக் எண்ணெய் திரும்பும் வழியை அடைக்கும். இந்த ஒழுங்கைச் சரிவில் அதற்குத் தூக்கமே கலையவில்லை. அதற்காகத்தான் மர்ஸூக் முதலாளியிடம் அவருடைய பக்கத்தில் நல்ல ஏற்றம் உண்டா என்று கேட்டிருந்தேன். ஆதிருப்பள்ளி மேடு ஈக்குது அக்கா, மாடே மூச்சு வாங்கும் என்றார்.

சனிக்கிழமை முற்பகல் போனேன். மேட்டின் நடுவில் நிறுத்தியதும் முதலாளி பின்சில்லுக்குக் கல் வைக்க ஓடினார். கல்லை வைத்தால் பரீட்சை எப்படி என்று தடுத்தேன். தாடியைத் தடவி யோசித்துவிட்டுப் பக்கத்துக் கடையில் நாலு முட்டை வாங்கி வந்தார். ஒன்றைச் சில்லுக்குப் பின்னால் நாலு விரல் விட்டு வைத்தார். அக்கா, மூண்டு தரம் பாப்பம், மூண்டாந் தரமும் சரி வராட்டி காரை எனக்குத் தாங்க, சரி வந்தா நான் பேச்செடுக்கவே மாட்டேன் என்றார். சரி என்றேன். ஏன் சரி என்றாய் என்று நீ கேட்பாய். சரி என்று சொல்லாவிட்டால் நான் புத்தகத்தை நம்பவில்லை என்று ஆகிவிடுமே.

முதல் தரம், பிறேக்கிலிருந்து காலை எடுத்தேன், கார் நின்றது. கிளச்சை விட்டேன். எஞ்சின் பிடிக்குமுன் கார் ஒரு சாண் பின்னுக்குப் போய்விட்டது. பின்னால் முட்டை உடையும் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். கைப்பிறேக்கை இழுத்து வைத்துவிட்டு இறங்கினேன்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. சேலைக்குள் காற்சட்டையோடுதான் போயிருந்தேன், ஆகவே அங்கேயே பாயைப் போட்டுக் காருக்குக் கீழே போனேன். நோனாவ மோட்டர் விழுங்கிட்டு என்று ஒரு றிக்‌ஷாக்காரன் கத்தினான். முதலாளி அவனை ஏசினார். நட்டை முழுச் சுற்றுத் திருப்பினேன். அது கூடிவிட்டது. முதலாளி வேறொரு முட்டை வைத்தார். இரண்டாம் தரம் ஹோல்டர் விடவே மாட்டேன் என்று பிடித்தது, எஞ்சின் குலுங்கி நின்றது. தெருவெல்லாம் சிரிப்பு. முட்டைக்கு ஒன்றுமில்லை. முட்டை தப்பிச்சு, ஆனா காரும் போகல்லயே அக்கா, சும்மா நிக்கிறதுக்கு எங்கட வீட்டுச் சுவரே போதும் என்றார் முதலாளி. சுவருக்குக் கிளச் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மறுபடியும் கீழே போனேன்.

இந்த முறை கால் சுற்றுத்தான் பின்னுக்கு எடுத்தேன். நட்டைப் பூட்டி இறுக்கினேன். ஏறி இருந்து இரண்டையும் மிதித்தேன். பிறேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு மனதுக்குள் அறுபது வரை எண்ணினேன். கார் அசையவில்லை. கிளச்சை விட்டேன். எஞ்சின் பிடித்ததும் ஹோல்டர் விட்டதும் எனக்கே வேறு வேறாகத் தெரியவில்லை. கார் மேட்டில் ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன், முதலாளி முட்டையை இரண்டு விரலில் உயர்த்திப் பிடித்துத் தெருவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

இது பொரிக்கிற முட்டை இல்ல, உங்கட தம்பிக்குப் பார்சல் பண்ற முட்டை என்று என்னிடம் நீட்டினார். நான் முட்டை தொடுவதில்லை என்றேன். அவரே கொண்டுபோனார். சொன்ன சொல் மாறாத மனிதர், காரைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் லொறியின் கிளச்சை ஒரு தரம் பார்க்க ஏலுமா என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். அதிலும் ஒரு நட் தளர்ந்திருந்தது.

உன் பத்திரத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். முன்பக்கம் நீ புள்ளடி போட்ட இடம் அப்படியே இருக்கிறது. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் கிளச், கம்பி, இரண்டு நட், ஹோல்டர் எல்லாவற்றையும் படமாகக் கீறி, எது முதலில் எது பிறகு என்றும் எழுதியிருக்கிறேன். கண்டியில் இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் இருந்தால் காட்டு. உங்கள் ஊரில்தான் இது தேவை.

கலியாணத்துக்கு ரெயிலில் வரும்படியும் ஸ்டேசனுக்கு ஆள் அனுப்புவதாகவும் எழுதியிருந்தாய். ஆள் வேண்டாம். 12ஆம் திகதி திங்கட்கிழமை விடிந்ததும் புறப்பட்டுக் காரிலேயே வருகிறேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் எந்த லொறிக்குப் பின்னால் நிற்க நேர்ந்தாலும் நின்று வருவேன். சபையில் என்னை எங்கே இருத்துவதென்று கௌரி யோசித்துக் களைக்க வேண்டாம். எந்த மூலையில் கதிரை போட்டாலும் இருப்பேன். உங்கள் முறைகளில் நான் தலையிடவில்லை. வந்து சேரும் வழியை மட்டும் நானே தீர்மானிப்பேன்.

உன் வீட்டு ஏற்றத்தில், அதே இடத்தில் நிறுத்துவேன். பிறேக்கிலிருந்து காலை எடுப்பேன். எல்லாரும் பார்க்கட்டும். கௌரியின் தகப்பனாருக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கதிரை போடு.

இன்னொன்று. தூணைப் பற்றி இவ்வளவு எழுதினேன். கார் உருண்டபோது கண்ணாடியில் நான் தூணைப் பார்க்கவில்லை. பின்னால் போ, போ என்று கை காட்டிக்கொண்டு நின்ற உன் வெள்ளைச் சால்வையைத்தான் பார்த்தேன். பிறகு அதைக் காணவில்லை. பிறகு சத்தம். கைப்பிறேக்கை ஏன் இழுக்கவில்லை என்று கேட்டாயே, இழுத்துக்கொண்டுதான் இருந்தேன், கார் நின்ற பிறகும் இழுத்துக்கொண்டிருந்தேன். சாவியைத் தா என்று நீ கத்தினாய். நீ கத்தியதில் எனக்கு இன்னும் கோபம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் உன் குரலைக் கேட்ட பிறகுதான் என் கை கைப்பிறேக்கை விட்டது.

நட்டைப் பூட்டியிருக்கிறேன். நேற்றும் இன்றும் கீழே போய்ப் பார்த்தேன், நூல் கட்டிய இடம் மாறவில்லை. காரில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் திங்கட்கிழமை நீ பின்னால் நின்று கை காட்ட வேண்டாம். முன்பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதல்லவா, அதற்கருகில், நான் நேரே பார்க்கக்கூடிய இடத்தில் நில், தம்பி.

நீ நூறு வயது இருக்க வேண்டும்.

அக்கா