ஒரே கம்பளிக்குள் நால்வர்

வில்பட்டி
19.01.2026, திங்கள்

சௌபாக்கியவதி சண்முகவள்ளிக்கு ஆசியுடன் குருநாதன் எழுதுவது. நான் நலமே. பழனியில் உன் மூட்டுவலி தணிந்ததா?

இங்கே பூண்டுக் கிட்டங்கியில் எல்லோருக்கும் சளி வந்து போயிற்று, பயப்படாதே. ஆறாம் தேதி மூட்டை தூக்கும் வேல்ராஜ் இருமினான். விறகு மிச்சமாகட்டும் என்று நான்தான் அவன், சமையல்காரி பாண்டிச்செல்வி, அவள் கணவன் கந்தவேல், நான் என நால்வரையும் ஒரே கம்பளிக்குள் அமர்த்தி ஆவி பிடிக்க வைத்தேன். எட்டாம் தேதி எல்லோருக்கும் காய்ச்சல். பாண்டிச்செல்வி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். மறுபடியும் ஆவி பிடித்தால் போதும் என்று நிறுத்தினேன். பன்னிரண்டாம் தேதிதான் போனோம்.

"வைரஸ் காய்ச்சல். இருமினவர் மூச்சையே எல்லாரும் இழுத்திருக்கீங்க. ரெண்டு நாளைக்குள்ள வந்திருந்தா மாத்திரை நல்லா கேட்டிருக்கும்" என்றார் டாக்டர்.

பதினான்காம் தேதி காலை 6.40க்குப் பாண்டிச்செல்வி இறந்தாள். இப்போது தனியாகச் சாப்பிடுகிறேன். பருப்புப்பொடியும் ஒரு குல்லாவும் அனுப்பு.

கந்தவேல் என் எதிரில் அழுதான். "அன்னைக்கே போறேன்னாளுங்கய்யா. ஐயா சொல்றதக் கேளுன்னு நாந்தேன் அதட்டுனேன். நாந்தேன் கொன்னுபுட்டேன்."

"நீ போகவிட்டிருக்கலாம்" என்றேன்.

இதைத் தபாலில் சேர்க்க அவன்தான் வாசலில் நிற்கிறான். முடிக்கிறேன்.

குருநாதன்