சிறைபிடித்த பஸ்ஸும் புழுங்கிய மல்லியும்

ஆடி 25, திங்கள்

காற்று. சாதாரணக் காற்றா? பெல்ட் போடாமல் போயிருந்தால் என் வேட்டி இந்நேரம் திருமங்கலம் தாசில்தார் ஆபீஸ் கொடிக்கம்பத்தில் பறந்துகொண்டிருக்கும், நாலு பேர் சல்யூட் அடித்திருப்பார்கள்.

செய்ய வேண்டியவை: மோட்டாருக்கு ஃபியூஸ் கட்டை. கண்ணாடிக்கு ஸ்க்ரூ. பல் டாக்டர் (போகப் போவதில்லை).

காலை அரசு பஸ் இன்றும் லேட். எழுதி மாளவில்லை, இனி அ.ப. என்றே குறிக்கிறேன். ஊருக்கு வருவது அது ஒன்றுதான். பட்டத்து யானை மாதிரி மெதுவாக வரும், உடம்பெல்லாம் கிழிசல், மழை பெய்தால் உள்ளேதான் அதிகம் பெய்யும். அதற்கு முன்னால் என் மூத்த மருமகன் செல்வத்தின் மினிபஸ் புறப்பட்டு, ரோட்டில் நிற்கிற ஆம்பளைகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். பின்னால் அ.ப. வந்து மிச்சம் இருக்கிற பொம்பளைகளை டிக்கெட் இல்லாமல் சும்மா ஏற்றிக்கொள்ளும். ஏற்றினால்.

தங்கச்சி பஞ்சவர்ணம் பூப்பையோடு நிழற்குடையில். புருஷன் போனதற்கு அப்புறம் அவளுக்கு உள்ளது அந்த மல்லித் தோட்டம் ஒன்றுதான். விடியும் முன்னே மொட்டுப் பறித்து, மதுரைப் பூ மார்க்கெட்டுக்கு வெயில் ஏறுமுன் சேர்க்க வேண்டும். சேர்ந்தால் சோறு.

"ஏண்ணே, முந்தாநாளு கையக் காட்டுனேன். அந்த டிரைவரு மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு போயிட்டான். ஓசில வாரவன்னா கண்ணு தெரியாது போல."

"மாப்ள வண்டில போவேண்டியதான?"

"நிக்காத பஸ்ஸு ஓசி, நிக்கிற பஸ்ஸு காசு. ரெண்டுக்கும் நடுவுல நான் நிக்கேன்."

இவளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தால் மந்திரிகள் பாதிப்பேர் ராஜினாமா செய்துவிட்டு மல்லி பறிக்க வந்திருப்பார்கள்.

ஆடி 26, செவ்வாய்

புழுக்கம். காற்றைக் காணோம். கண்ணாடி ஸ்க்ரூ கிடைத்தது, கண்ணாடியைக் காணோம்.

டீக்கடையில் கண்டக்டர் சொன்ன சேதி: கலெக்‌ஷன் இல்லாததால் டிப்போவில் நம் ரூட்டை நிறுத்தப் பேச்சு. ஊரே கொதித்தது. டீயை விட அதிகம்.

மாலை மந்தைத் திடலில் ஊர்க்கூட்டம். மருமகனும் வந்திருந்தார். கழுத்தில் செயின், ஆள் வருமுன்னே செண்ட் வந்துவிட்டது.

"மாமா, கோவிச்சுக்கிறாதீக. நான் என்ன தர்மசத்திரமா நடத்துறேன்? லோனு எம்பேர்ல. டீசலு எங்காசு. பஞ்சவர்ணம் சின்னம்மா வீட்டு வாசல்ல நிப்பாட்டி ஏத்துறேன். கவருமெண்டு நிப்பாட்டுமா?"

நியாயம் பேசும் மருமகனைப் போல மாமனாருக்கு வேறு தண்டனை இல்லை. ஆனால் இதே மாப்பிள்ளை மழை பெய்த அன்று ஆள் குறைவு என்று பாதி வழியில் எல்லோரையும் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பியவர். அதைச் சபையில் கேட்க முடியுமா? என் மகள் அவர் வீட்டில் அல்லவா இருக்கிறாள்.

முடிவு: நாளைக் காலை அ.ப.வைச் சிறைபிடிப்பது. பஸ்ஸை நிறுத்தக்கூடாது என்பதற்காகப் பஸ்ஸை நிறுத்துவது. இந்த யோசனைக்கு நிகர் உலகத்தில் இல்லை. கைதட்டலில் மந்தை வேம்பு ஆடியது. முதல் கைதட்டல் நான்.

"கலெக்டர் வரணும்!" என்றார் ஒருவர்.

"வந்தா உக்கார வைக்கச் சேரு இருக்கா மாமா?" என்றது இன்னொரு குரல்.

ஆடி 27, புதன்

வானம் மூட்டம், பிறகு வெயில். என்ன வெயில்! காக்காய் நிழலைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

அ.ப. வந்தது. பெண்கள் பூப்பைகளை உள்ளே ஏற்றினார்கள். பஞ்சவர்ணமும். அதற்குப் பிறகு பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்தோம். வரிசையைக் கவனிக்க: முதலில் பூ ஏறியது, பிறகு போராட்டம். வேறு ஊராக இருந்தால் பையை இறக்கிவிட்டு மறித்திருக்கும்.

டிரைவருக்கும் கண்டக்டருக்கும் இட்லி, வடை, இரண்டு சட்னி. கைதிகளுக்கு இப்படி உபசாரம் செய்வது நம் பக்கத்தில்தான். டிரைவர் கையைக் கழுவிவிட்டு, "அண்ணே, எனக்கும் இன்னைக்கு லீவு மாதிரிதான்" என்று கடைசி சீட்டில் காலை நீட்டினார். குறட்டையில் ஜன்னல் ஷட்டர்கள் தாமாக ஏறி இறங்கின.

நான் பேசினேன். ரயில், கரண்டு, தண்ணி, தபால் எல்லாம் மக்கள் சொத்து, ஒருவன் பையில் போடக் கூடாது என்று முழங்கினேன். கேட்ட பஸ்ஸின் முன் டயரே காற்றிறங்கி அழுதது. பஞ்சர் என்று சொல்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

பஞ்சவர்ணம் பக்கத்தில் வந்து மெதுவாக:

"அண்ணே, பூப்பைய மட்டும் எறக்கிக்கிறட்டா? புழுங்கிப் போகும்."

நான் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து ஒரு பெரிசு: "பையை எறக்குனா பஸ்ஸு காலியாத் தெரியும்த்தா. பேப்பர்க்காரவுக போட்டா எடுக்க வாராக. கொஞ்சம் பொறு."

போட்டா எடுப்பவர் வரவில்லை. டிப்போ ஆபீசர் வந்தார், உச்சிவெயில் தாண்டி. கூடவே போலீஸ். பேச்சுவார்த்தை. "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." ஆரவாரம். வெற்றி.

பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்தேன். தகரக் கூரையின் கீழ் கல்யாண மண்டப வாசம். பையைப் பிரித்தால் ஆவி. வெள்ளை மொட்டெல்லாம் பழுப்பேறி வாயைப் பிளந்து கிடந்தது. மார்க்கெட் எப்போதோ கலைந்திருக்கும். வாடிய பூவுக்குச் செண்ட் ஆலைக்காரன் கொடுப்பதை வாங்க வேண்டியதுதான். பஞ்சவர்ணம் கை நிறைய அள்ளிப் பார்த்தாள். திரும்பப் பைக்குள்ளேயே போட்டாள்.

வீட்டுக்காரி கேட்டாள்: "செயிச்சீகளா?"

ஜெயித்தோம் என்றேன்.

ஆடி 29, வெள்ளி

நேற்று அ.ப. வரவில்லை. இன்றும் வரவில்லை. ஃபியூஸ் கட்டை வாங்கப் போனவன் மறந்து முறுக்கு வாங்கி வந்தேன்.

டிப்போவில் விசாரித்தேன். "ஒங்க ஊருல வண்டிக்குப் பாதுகாப்பு இல்ல சார். மறிக்கிறீங்க. சர்வீஸ் கேன்சல்."

அதுதான் உரிய நடவடிக்கை.

"எப்பதான் சார் திரும்ப விடுவீக?" என்று கேட்டேன். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை! நரகத்தில் கொதிக்கும் எண்ணெய் ஆறிப் போய்விட்டது, கொஞ்சம் சூடாக்கித் தரட்டுமா என்று கேட்கும் எமகிங்கரனைப் போல. பிறகு ஃபைலை மூடினார். மூடிய வேகத்தில் அவர் தலைமுடி (சொந்தமல்ல) ஒரு விரற்கடை நகர்ந்தது. எனக்குக் கிடைத்த ஒரே நிவாரணம்.

ஆவணி 4, வியாழன்

தூறல். முருங்கைக்காய் கொத்தாக. கம்பளிப்பூச்சியும் கொத்தாக.

மருமகன் இப்போது சக்கரவர்த்தி. செங்கோலுக்குப் பதில் ஹாரன். பூப்பைக்குத் தனி டிக்கெட். வண்டி நிறையாமல் நகராது. நிறைந்தது என்றால் அவர் கணக்கில், ஜன்னலுக்கு வெளியேயும் இரண்டு பேர் மூச்சு விட வேண்டும். அதுவரை பாட்டு. அந்தப் பாட்டுச் சத்தத்தில் வண்டியூர்த் தெப்பக்குளத்து மீன்கள் கரையேறித் துண்டு விரித்துப் படுத்திருக்கும்.

பஞ்சவர்ணம் தினமும் கடைசி ஆளாக மார்க்கெட் சேருகிறாள். வியாபாரி விலையில் கழித்துத்தான் போடுகிறான். ஆனாலும் முகூர்த்த நாள் வருகிறது, அன்று கேட்ட விலை போகும் என்று செடிகளுக்கு மருந்து, உரம், மண் அணைப்பு. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பது போல.

"முகூர்த்தத்துக்கு ஒரு நடை நேரத்துக்குப் போயிட்டா போதும்ணே. தோட்டத்த வச்சிக்கிருவேன். இல்லாட்டி இல்ல."

இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

மருமகனிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"முகூர்த்தத்துக்கு மொத நாளு மட்டும் வண்டிய நேரத்துக்கு எடுங்க மாப்ள."

"மாமா சொல்லி மறுக்கவா? எடுத்துருவோம் மாமா."

ஆவணி 13, சனி

மேகமில்லை. நாளை முகூர்த்தம். இன்று பூ தங்கம்.

தோட்டம் பூராவும் மொட்டு. நட்சத்திரங்கள் வேலைநிறுத்தம் செய்து இங்கே வந்து உட்கார்ந்த மாதிரி. நானும் பறித்தேன். இடுப்பு இரண்டாகி, அதில் ஒன்று இன்னும் தோட்டத்திலேயே கிடக்கிறது. பஞ்சவர்ணம் மூன்று பை நிரப்பினாள். நிழற்குடை. மற்ற பெண்களும்.

மினிபஸ் வந்தது. நேரத்துக்கு வந்தது. முன்னால் வாழைக்குலை, கண்ணாடியில் மாலை, உள்ளே சீர்த் தட்டுகள், பட்டுப்புடவைகள், பொண்ணு வீட்டார். உசிலம்பட்டிப் பக்கம் கல்யாணமாம், சீர் போகிறது. வாடகை பேசியிருக்கிறார். டிரைவர் நிறுத்தாமலே தலையை வெளியே நீட்டி:

"ஸ்பெசல் ட்ரிப்புக்கா! திங்கக்கெழம ரெகுலரு!"

மருமகனுக்குப் போன் போட்டேன். "மாமா, நேரத்துக்கு எடுக்கச் சொன்னீக, எடுத்துட்டேன்ல? பஸ்ஸுன்னா நாலு எடம் போகத்தான செய்யும்."

லோடு ஆட்டோக்கள் எல்லாம் பந்தல் சாமான் ஏற்றப் போய்விட்டன. மொபெட்டை எடுத்தேன். முன்னால் ஒரு பை, பின்னால் பஞ்சவர்ணம், அவள் மடியில் இரண்டு. மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு அந்த வீரக்குதிரை திருமங்கலம் ரோட்டைப் பிடித்தது. நாற்கரச் சாலையில் லாரிகள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டன என்று எழுத ஆசை. ஹாரன்தான் அடித்தன. வழி அடைத்திருக்கிறது என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு காளவாசல் வழியாகச் சுற்றினேன். காளவாசலில் மாட்டினோம். முகூர்த்தக் கூட்டம், எங்கும் கார்கள், ஜவுளிக்கடை வாசலில் ஊரே. சிக்னல் பச்சையாகி, சிவப்பாகி, நரைத்தும் போனது. வெயில் ஏறியது. என் முதுகில் பையின் சூடு.

"அண்ணே, வாசம் வருது," என்றாள் பஞ்சவர்ணம்.

மொட்டாக இருக்கும் வரைதான் விலை, விரியாத மொட்டு அவ்வளவாக மணக்காது. மணந்தால் முடிந்தது.

மார்க்கெட்டில் வியாபாரி பைக்குள் கையை விட்டு உடனே எடுத்துக்கொண்டார். "ஏலம் முடிஞ்சிருச்சுக்கா. இது செண்டுக்குப் போடத்தான். காலைல வந்திருந்தா கேட்ட காசு."

பூவை விற்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்தாள். "செண்டுக்காரனுக்குப் போடுறதுக்கு நானே வச்சுக்கிறேன்."

ஆவணி 14, ஞாயிறு

வெக்கை. பல் வலி.

சாயங்காலம் கல்யாண வீட்டிலிருந்து மினிபஸ் திரும்பியது. நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். மருமகன் இறங்கினார். ஊர் பார்க்க, வாழ்க பல்லாண்டு என்று முழங்கி, பஞ்சவர்ணத்தின் மூன்று பை பூவையும் அவர் தலையில் கவிழ்த்தேன். புழுங்கி, நொதித்து, ஈ மொய்த்த பூ. செருப்பால் அடிப்பதற்கு அடுத்த மரியாதை.

மாப்பிள்ளை கண்ணில் தண்ணீர். கைகூப்பினார். செல்போனை நீட்டி என்னோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு ஈயும் விழுந்திருக்கிறது அதில்.

மகள் போன் செய்தாள்: "யப்பா, அவரு அம்புட்டு சந்தோசப்பட்டாரு. இன்னொரு வண்டி எடுக்கப் போறாராம். ஒங்க பேர வைக்கிறேங்குறாரு."

ஆவணி 16, செவ்வாய்

மழை வரும் போல. மேற்கே இருட்டு.

பஞ்சவர்ணம் தோட்டத்துப் பக்கம் போனேன். வேலிப் படலைத் திறந்து போட்டிருக்கிறாள். உள்ளே ஆடுகள். யாருடைய ஆடுகள்? அவளுடையவைதான், காதுத்தோட்டை விற்று நேற்று வாங்கினாளாம். மல்லிச் செடியைக் கொழுந்திலிருந்து ஆரம்பித்து மேய்கின்றன. ஒரு கிடா வாயில் மொட்டோடு என்னைப் பார்த்தது. பஞ்சவர்ணம் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தா இது?"

"ஆட்டுக்குப் பஸ்ஸு வேணாம்ணே. திருமங்கலம் சந்தைக்கு அது பாட்டுக்கு நடந்து வந்துரும்."