கலனுக்கு இருபத்தொன்பது மைல்

மெல்பேர்ண்
10.7.1979

அன்புள்ள யோகாவின் அப்பாவுக்கு,

பதுளையில் நான் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "மிஸ், மூட்டை ஏத்தின வண்டிலோட மேட்டிலை ஏறேக்க மாடு பயப்படாது. இறங்கேக்கதான் கண்ணை உருட்டுது. ஏன்?" வகுப்பே சிரித்தது. ஏறும்போது மாடு வண்டிலை இழுக்கிறது, இறங்கும்போது வண்டில் மாட்டைத் தள்ளுகிறது என்று அவளுக்குச் சொன்னேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தப் பிள்ளையின் ஞாபகம்தான் வந்தது.

யோகாவின் குதிரையை ட்ரெயிலரில் ஏற்றி இழுக்க பின்னுக்குத் திறந்த பெட்டி வைத்த இந்த யூட் வாகனங்களில் எதை வாங்கலாம், பெற்றோல் விற்கிற விலைக்கு எது சிக்கனம் என்று கேட்டிருந்தீர்கள். டூங்கபி வீட்டை விற்றுக் கெல்லிவில்லில் ஐந்து ஏக்கர் வாங்கியபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் மூன்று மாதத்துக்கென்று மகன் வீட்டுக்கு வந்தவள் ஒரு வருடமாய் இங்கேயே இருக்கிறேன். இதையாவது கேட்டீர்களே என்று மனம் குளிர்ந்துவிட்டது. சிறிதரனையும் பிடித்து வைத்துக் கதைத்தேன். "அம்மா, நீங்கள் யூட் விக்கப் போறியளோ?" என்று சிரிக்கிறான்.

நான் நினைப்பது இதுதான். விளம்பரத்தில் போடுகிற மைல் கணக்கு வெறும் வாகனத்துக்கு உரியது. கைவீசிக்கொண்டு சந்தைக்குப் போகிறவனும் அரிசி மூட்டையோடு திரும்புகிறவனும் ஒரே அளவா சாப்பிடுவார்கள்? சின்ன எஞ்சின் பாரத்தோடு இரண்டாம் கியரிலேயே கத்திக்கொண்டு போகும். மிச்சம் பிடித்ததை எல்லாம் அங்கேயே குடித்துவிடும். குதிரையும் ட்ரெயிலரும் சேர்ந்து ஒரு தொன்னுக்கு மேல் வரும். இழுக்கிறது அதைவிடப் பாரமாய் இருக்கவேண்டும். ஆறு சிலிண்டர் உள்ளதாய்ப் பாருங்கோ, பழையதானாலும் குற்றமில்லை. ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் போடுவியுங்கோ. வாங்க முந்திக் குதிரையை ஏற்றி ஓட்டிப் பாருங்கோ.

பேரன் இப்போது தானாய்க் குப்புறக் கவிழ்கிறான். ஓகஸ்ட் முதல் கிழமை வீட்டுக்கு வரலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இரஞ்சிதம்


கெல்லிவில்
16.7.1979

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு விலகினாலும் பாடம் விடவில்லை, சந்தோசம்.

யூட் வந்துவிட்டது. சின்ன யப்பான் யூட், நீல நிறம். கலனுக்கு இருபத்தொன்பது மைல்! இவர்கள் லீற்றரில் சொன்னதை நானே கலனுக்கு மாற்றிப் பார்த்தேன். மகேந்திரராஜாவும் இதைத்தான் வைத்திருக்கிறார், இரத்தினசிங்கமும் இதைத்தான் வைத்திருக்கிறார். ஊர்ச் சனம் எல்லாம் பிழையாகவா வாங்கும்?

குதிரையை ஏற்றிப் பார்க்கச் சொன்னீர். விற்கிற வெள்ளைக்காரனும் அதையேதான் சொன்னான், யூட்டை வீட்டுக்கே கொண்டுவந்தான். உம்முடைய மகளின் ராசாத்தி ட்ரெயிலரில் ஏறமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு இராகுகாலம். பத்து இருபதுக்கு வெறும் ட்ரெயிலரைக் கொழுவி வாசல்வரை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். பூப்போல வந்தது. எலுமிச்சம்பழமும் நசுக்கியாயிற்று.

அடுத்த நாள்தான் உமக்குக் கடிதம் போட்டேன். உம்மைக் கேளாமல் வாங்கினதாய் இருக்கக் கூடாது பாரும்.

கெதியாய் வாரும். குசினி உமக்காகக் காத்திருக்கிறது.

அன்புடன்,
அரியரத்தினம்


மெல்பேர்ண்
20.7.1979

யோகாவின் அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை வாங்கிவிட்டுச் சனிக்கிழமை எந்த யூட் வாங்கலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே பேரனை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை சிலிண்டர், எவ்வளவு பாரம் என்று இரண்டு நாளாய் மண்டையை உடைத்திருக்கிறேன். விடைத்தாளைத் திருத்திப் புள்ளியும் போட்டு வைத்துக்கொண்டு, பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுச் சோதனை எழுது என்று சொல்கிற வாத்தியாரை நான் கண்டதில்லை. இப்போது கண்டுவிட்டேன்.

நீங்கள் என்ஜினியர். பாலத்துக்கு மேலே லொறி போகுமோ என்று வெறும் பாலத்தைப் பார்த்துச் சொல்வீர்களா? மகேந்திரராஜாவும் இரத்தினசிங்கமும் அந்த யூட்டில் ஏற்றுவது மரக்கறி. அவர்கள் வீட்டில் குதிரை இருக்கிறதா? ராசாத்தி ஏறமாட்டேன் என்றால் இன்னொரு நாள் ஏற்றியிருக்கலாம். இராகுகாலம் ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடும். அவசரமாய்க் கையெழுத்து வைத்த யூட் வருடக்கணக்காய் நிற்கும்.

அதை ஓட்டப்போவது நீங்கள் அல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் சவாரிக்கு ராசாத்தியை ஏற்றிக்கொண்டு ஓட்டப்போவது யோகா. இருபது வயதுப் பிள்ளை. அதை எங்கேயாவது எழுதினீர்களா? குசினி காத்திருக்கிறது என்று மட்டும் எழுதத் தெரிந்திருக்கிறது.

யூட்டைத் திருப்பிக் கொடுங்கோ. முடியாவிட்டால் ட்ரெயிலரைக் கொழுவாமல் விடுங்கோ. அதைச் செய்துவிட்டு எழுதுங்கோ, நான் ரிக்கற் எடுக்கிறேன்.

இரஞ்சிதம்


கெல்லிவில்
25.7.1979

இரஞ்சிதத்துக்கு,

ஒரு வருடம் மகன் வீட்டில் இருந்துகொண்டு இங்கே எது எப்படி ஓடவேண்டும் என்று கட்டளை போடுகிறீர். இங்கே புல் வெட்டுகிறவன் நான், வேலி அடிக்கிறவன் நான், குதிரைக்குத் தீன் வாங்குகிறவன் நான். பெற்றோல் விலை ஏறுகிறது என்று வானொலி கத்துகிறது. அந்தப் பெற்றோலையும் நான்தான் அடிக்கவேண்டும். எத்தனை பேர் தங்கள் மனிசிமாரிடம் பிறகென்றாலும் கேட்கிறார்கள், சொல்லும் பார்ப்போம்!

யோகா வடிவாய் ஓட்டுகிறாள். ஒரு குறையும் இல்லை. நீர் தேவையில்லாமல் அவளைப் பயப்படுத்தவேண்டாம். ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் என்பதெல்லாம் கடைக்காரர் காசு கறக்கிற வேலை. யூட்டிலேயே நாலு பிரேக் இருக்கிறது.

வர விருப்பமென்றால் வாரும். சாட்டுச் சொல்லிக்கொண்டு இராதேயும்.

அரியரத்தினம்


மெல்பேர்ண்
30.7.1979

யோகாவின் அப்பாவுக்கு,

நேற்று யோகா ட்ரங்கோல் எடுத்தாள். முதலில் அழுதாள். பிறகுதான் கதைத்தாள்.

சனிக்கிழமை வின்ட்சர் றோட்டுச் சரிவில் இறங்கும்போது ட்ரெயிலர் யூட்டைத் தள்ளியிருக்கிறது. பிரேக்கை மிதிக்க மிதிக்கத் தள்ளியிருக்கிறது. ட்ரெயிலர் பக்கவாட்டில் ஆடி, யூட்டையும் இழுத்துக்கொண்டு தெருவோரக் கல்லுக்குள் இறங்கி, வேலிக்கட்டையில் போய் நின்றிருக்கிறது. ராசாத்தியின் முழங்காலில் தோல் கிழிந்திருக்கிறது. எதிரே ஒரு வாகனமும் வராதபடியால் என்னுடைய பிள்ளை என்னோடு ட்ரங்கோலில் கதைத்தாள்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அம்மாவுக்குச் சொல்லாதை. அவ பிறகு வரமாட்டா." இதைச் சொல்லும்போது நீங்கள் யூட்டின் மட்காட்டைத் தடவிக்கொண்டு நின்றீர்களாம்.

கலியாணம் கட்டி இருபத்தாறு வருடம். வீடு விற்றதற்குக் கோபித்தேன், அது மண்ணும் கல்லும். யூட்டுக்குக் கோபித்தேன், அது தகரம். இப்போது இருக்கிற கோபத்துக்கு என்னிடம் உதாரணம் இல்லை.

யோகாவை இங்கே வரச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறாள். ரிக்கற்றுக்குச் சிறிதரன் ஒழுங்கு செய்துவிட்டான். நீங்கள் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனால் போதும், ஒன்றும் கதைக்கவேண்டாம். ராசாத்தியைப் பக்கத்து வீட்டுப் பவளம் அன்ரி கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்வதாய் யோகாவிடம் சொல்லியிருக்கிறா.

நான் எப்போது வருவேன் என்று கேட்டு எழுதவேண்டாம். அதை இந்த முறை நான் முடிவெடுத்துவிட்டுப் பிறகு உங்களுக்கு அறிவிப்பேன்.

உங்களுக்கு ஒரேயொரு வேலை. குதிரைக்குப் பதிலாய் அதன் பாரத்துக்கு மணல் மூட்டைகளை ட்ரெயிலரில் அடுக்கி, நன்றாய்க் கட்டி, யூட்டில் கொழுவுங்கோ. எங்கள் காணியின் பின்பக்கத்துச் சரிவில், ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கி, பாதியில் பிரேக்கை மிதித்துப் பாருங்கோ. யோகா இருந்த கதிரையில் நீங்கள் இருங்கோ.

இரஞ்சிதம்